ஒன்பது வயதில் பெரிய மனுஷி... 146 சென்டிமீட்டரில் நின்றுவிட்ட நான்!

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதம். இரவு ஷிஃப்ட் முடிந்து ஹாஸ்டலுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து போன். அந்த நேரத்தில் அவள் கூப்பிடுகிற ஆளே இல்லை. கலசப்பாக்கத்தில் பத்து மணிக்கெல்லாம் எங்கள் தெரு அடங்கிவிடும்.

"தூங்கிட்டியாடி?"

"இல்லக்கா, சொல்லு. அம்மாவுக்கு ஏதாவதா?"

"அம்மா நல்லாதான் இருக்குது. பாப்பாவுக்குத்தான்..." என்று நிறுத்தினாள். பிறகு, பக்கத்து அறையில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னாள். "இடது பக்கம் மார்ல கட்டி மாதிரி இருக்குதுடி. தொட்டா வலிக்குதுன்னு அழுவுது. நான் என்னென்னமோ நெனச்சி பயந்துகினு இருக்கேன்."

பாப்பாவுக்கு அப்போது ஏழு வயது எட்டு மாதம். இரண்டாம் வகுப்பு முடித்து லீவில் இருந்தாள். அக்கா பயந்தது புற்றுநோயை நினைத்து. எனக்கு அந்த பயம் வரவில்லை. "வேர்வை நாத்தம் பெரியவங்க மாதிரி வருதா? இந்த ஒரு வருஷத்துல திடீர்னு உயரம் ஆனாளா? கவுன் எல்லாம் சின்னதா போச்சா?" என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "ஆமா" என்றாள். கடைசியில், "உனக்கு எப்படிடி இதெல்லாம் தெரியும்?" என்றாள்.

எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

நான் வயதுக்கு வந்தது நான்காம் வகுப்பில். ஒன்பது வயது நான்கு மாதம். தேதிகூட அம்மாவின் பழைய காலண்டரில் வட்டம் போட்டு இருக்கிறது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் நான்தான் வகுப்பிலேயே உயரம். பிரேயரில் உயர வரிசைப்படி நிற்க வைப்பார்கள். கடைசி இடம் எனக்கு. பையன்கள்கூட எனக்கு முன்னால்தான். சொந்தக்காரர்கள் யார் வந்தாலும், "இவ அப்பனையும் மிஞ்சிடுவா பாரு" என்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பாவாடை நனைந்ததை நான் கவனிக்கவில்லை, பின்னால் இருந்த பெண் கவனித்தாள். டீச்சர் என்னை எதுவும் கேட்கவில்லை. ஒரு அக்காவைக் கூட்டிவரச் சொல்லி, என் புத்தகப்பையைப் பின்னால் தொங்கவிட்டு வீட்டுக்கு அனுப்பினார். வழியெல்லாம் நான் எங்கேயோ அடிபட்டிருக்கிறது, செத்துவிடுவேன் என்றே நினைத்துக்கொண்டு நடந்தேன். வீட்டு வாசலில் ஆயா என்னைப் பார்த்ததும் உள்ளே வரவிடாமல் திண்ணையிலேயே உட்காரவைத்தது. அம்மா வந்தாள். அழுதாள். ஆயா மட்டும் சிரித்தது.

அடுத்த பதினோரு நாள் தென்னங்கீற்றுத் தடுப்புக்குப் பின்னால் இருந்தேன். தாய்மாமா பச்சை ஓலை கொண்டுவந்து கட்டியது. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். மதியம் உளுந்தங்களி. தெருவில் என்னோடு பாண்டி ஆடுகிற பெண்கள் தள்ளி நின்று எட்டிப் பார்ப்பார்கள். நான் வரட்டுமா என்று கேட்டால் ஆயா அவர்களை விரட்டும். எனக்கு என்ன ஆனது என்று அந்தப் பதினோரு நாளில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. 'பெரிய மனுஷி ஆயிட்ட' என்று மட்டும் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிற அளவுக்கு நான் பெரிய மனுஷி ஆகியிருக்கவில்லை.

பிறகு மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு விழா. போளூர் ரோட்டில் ஃப்ளெக்ஸ் வைத்தார் அப்பா. அதில் நான் பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய பூ வைத்து, உதட்டுச் சாயம் பூசி, இருபது வயதுப் பெண்போல நிற்கிறேன். விழா அன்று புட்டு சுற்றி முடிப்பதற்குள் மேடை நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். வீடியோவில் அது இருக்கிறது. தாய்மாமா சீர்வரிசைத் தட்டோடு வருகிறார், நான் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறேன். அந்த வீடியோவைப் பார்த்து இப்போது எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால், அந்த விழாவுக்குப் பிறகு செய்யாற்றில் தண்ணீர் வந்தபோது மற்ற பிள்ளைகளோடு என்னை விடவில்லை. அதை நினைத்தால் சிரிப்பு வராது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதில் பெரிய பெண்போல உடம்பு இருக்கும் குழந்தையை, பஸ்ஸில் பெரியவர்கள் பார்க்கிற பார்வை வேறு. அந்தப் பார்வை என்னவென்று புரியாது. ஆனால், உடம்பைக் குறுக்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். நான் கூன் போட்டு நடக்கப் பழகியது அந்த வருடம்தான்.

அப்போது எங்கள் ஊர்ப் பள்ளியில் நாப்கின் தருவதெல்லாம் கிடையாது. தமிழக அரசின் 'புதுயுகம்' திட்டம் 2011-ல்தான் அறிவிக்கப்பட்டது. அந்தத் திட்டமும் 10 முதல் 19 வயது வரையிலான பெண்களுக்கு. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில்தான் வளரிளம் பருவம் பற்றிய பாடமே வருகிறது. ஒன்பது வயதில் வயதுக்கு வருகிறவளுக்குத் திட்டத்திலும் இடமில்லை, பாடத்திலும் இடமில்லை. நான் பழைய வேட்டித் துணியோடு மூன்றாம் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போனபோது பிரேயர் வரிசையில் நடுவில் நின்றேன். எட்டாம் வகுப்பில் முன்வரிசை. பத்தாம் வகுப்பில் எனக்கு முன்னால் ஒரே ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் வளர்ந்தார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வயதுக்கு வந்த சமயத்தில் ஹெல்த் செக்கப்பில் எழுதிய உயரம் 139 சென்டிமீட்டர். இன்று என் உயரம் 146.

இது ஏன் என்று யாரும் சொல்லவில்லை. "கண்ணு பட்டுடுச்சி" என்றது ஆயா.

எனக்குக் கண் பட்டது பற்றிக் கவலையில்லை. போலீஸ் ஆக முடியாது என்பதுதான் கவலை. திருவண்ணாமலை மாவட்டத்தில் விடிகாலை ஐந்து மணிக்கு எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்க்கலாம். காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். எனக்கும் காக்கிச்சட்டைதான் கனவு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நானும் போய் நின்றேன். பயிற்சி தருகிற அண்ணன் சுவரில் கோடு போட்டு வைத்திருந்தார். பெண்களுக்குக் குறைந்தபட்சம் 159 சென்டிமீட்டர் வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 157. என்னைக் கோட்டருகே நிறுத்திப் பார்த்தவர், "நீ ஓட வேணாம்மா, வேற ஏதாவது படிம்மா" என்றார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து கொல்லையில் இருந்த வேப்பமரக் கிளையில் தினமும் அரை மணி நேரம் தொங்கினேன். ஸ்கிப்பிங் ஆடினேன். டிவி விளம்பரத்தில் வந்த உயரப் பவுடர் இரண்டு டப்பா, அம்மாவின் சீட்டுப் பணத்தில் வாங்கிச் சாப்பிட்டேன். எடை மட்டும் மூன்று கிலோ கூடியது.

அப்புறம் இதழியல் டிப்ளமோ, சென்னை, இந்த வேலை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் எனக்குக் கொடுத்த அசைன்மென்ட் என்ன தெரியுமா? 'உயரமாக வளர உதவும் ஐந்து உணவுகள்'. எழுதினேன். நன்றாகவும் ஓடியது. அதற்காக ஒரு குழந்தை மருத்துவரிடம் போனில் பேசினேன். முடிக்கும்போது, "பதினேழு வயசுல தொங்கினா உயரம் கூடுமா டாக்டர்?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "யாருக்கும்மா?" என்றார். சொன்னேன். "உங்க எலும்பு அப்பவே மூடியிருக்கும்மா. மூடின கதவுல எவ்வளவு நேரம் தொங்கினாலும் திறக்காது" என்றார். பல வருடம் கழித்து, எனக்கு என்ன நடந்தது என்று முதன்முதலாக ஒருவர் விளக்கினார்.

அவர் சொன்னதையும் அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கை, கால் எலும்புகளின் முனைகளில் குருத்தெலும்பால் ஆன மெல்லிய தட்டு இருக்கிறது. வளர்ச்சி நடப்பது அங்கேதான். மூளையிலிருந்து சமிக்ஞை வந்து சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கத் தொடங்கும்போது, அது முதலில் வளர்ச்சியை வேகப்படுத்தும். அதனால்தான் குழந்தை திடீரென்று உயருகிறாள். ஆனால், அதே ஈஸ்ட்ரோஜன்தான் அந்தத் தட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக மாற்றி மூடுகிறது. பெண்களுக்கு மட்டும் இல்லை, ஆண்களுக்கும் அப்படித்தான். ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யாத மரபணுக் கோளாறோடு 28 வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த ஓர் ஆணைப் பற்றி 1994-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அவர் உயரம் 204 சென்டிமீட்டர்.

பெண் குழந்தைகளுக்குப் பருவமடைதலின் முதல் அடையாளம் மாதவிடாய் இல்லை, மார்பில் வரும் சிறு கட்டிதான். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் முதலில் வரும், வலிக்கும். அதிலிருந்து இரண்டு, இரண்டரை வருடம் கழித்துத்தான் மாதவிடாய். வேகமான வளர்ச்சி எல்லாம் அந்த இடைவெளியிலேயே முடிந்துவிடும். மாதவிடாய் வந்த பிறகு சராசரியாக 5 முதல் 7 சென்டிமீட்டர் வரைதான் பாக்கி. எனக்கு சரியாக ஏழு. நாங்கள் சடங்கு வைத்துக் கொண்டாடுகிற நாளில், உடம்பு தன் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிட்டிருக்கும். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. என்னைத் திண்ணையில் உட்காரவைத்தபோது தாமதம் ஆகிவிட்டது என்று தெரியாமலே எல்லோரும் மஞ்சள் அரைத்தார்கள்.

இதைப் படிக்கும் அம்மாக்கள் பதற வேண்டாம். பத்து, பதினொன்றில் வயதுக்கு வருவது இயல்பின் எல்லைக்குள்தான் வருகிறது. அந்தப் பிள்ளைகள் முன்னதாக வளர்ந்து முன்னதாக நிற்பார்கள். கடைசி உயரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. எட்டு வயது முடிவதற்குள் மார்பு வளர்ச்சி தொடங்கினால்தான் மருத்துவர்கள் அதை முன்கூட்டிய பருவமடைதல் என்கிறார்கள். ஆண் குழந்தைகளுக்கு அந்த எல்லை ஒன்பது வயது. எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறதோ அவ்வளவு உயரம் இழக்க வாய்ப்பு. என் அம்மா, அப்பா உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் நான் 155 சென்டிமீட்டர் அளவில் வந்திருக்க வேண்டும். அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி, பெண் பிள்ளைக்கு அதில் 13-ஐக் கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நாலைந்து சென்டிமீட்டர் அங்கே இங்கே ஆவது சகஜம். ஒன்பது சென்டிமீட்டர் போனது சகஜமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 155 வந்திருந்தாலும் போலீஸ் ஆகியிருக்க முடியாது என்பது தனிச் சோகம்.

தேடிக்கொண்டு போனபோது ஸ்வீடன் கதை ஒன்று கிடைத்தது. இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்தெடுத்துப் போகப்பட்ட 107 பெண் குழந்தைகளை உப்சாலாவைச் சேர்ந்த லெம் புரூஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் தொடர்ந்து கவனித்து, 1991-ல் எழுதினார்கள். அந்தக் குழந்தைகளில் பலர் போய்ச் சேர்ந்தபோது வயதுக்கேற்ற உயரம் இல்லாமல், மெலிந்து இருந்தவர்கள். அங்கே நல்ல சாப்பாடு கிடைத்தது. மடமடவென்று வளர்ந்தார்கள். வளர்த்தவர்களும் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால், அந்தப் பெண்கள் வயதுக்கு வந்த வயதின் நடுமதிப்பு 11.6. ஸ்வீடன் பெண்களைவிட, இந்தியாவில் வசதியான வீட்டுப் பெண்களைவிட முன்னதாக. ஏழே கால் வயதில் வந்தவளும் உண்டு. கடைசியில் அவர்களின் சராசரி உயரம் 154 சென்டிமீட்டரில் நின்றது. குட்டையாகப் போய், வேகமாக ஈடுகட்டி வளர்ந்த பிள்ளைகளே சீக்கிரம் வயதுக்கு வந்தார்கள் என்பதுதான் அந்த ஆய்வு சொன்ன முக்கியமான விஷயம்.

இதை அலுவலக கேன்டீனில் உட்கார்ந்து படித்தபோது எனக்கு ஆயாவின் முட்டையும் நல்லெண்ணெயும் ஞாபகம் வந்தது. நல்ல சாப்பாடு தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சரியாகச் சாப்பிடுவதால் தலைமுறைக்குத் தலைமுறை மனிதர்கள் உயரமாகிறார்கள், அதே காரணத்தால் வயதுக்கு வரும் வயதும் உலகம் முழுக்க இறங்கிக்கொண்டு வந்திருக்கிறது. 1997-ல் மார்சியா ஹெர்மன்-கிடென்ஸ் என்பவர் அமெரிக்காவில் 17 ஆயிரத்துக்கும் அதிகமான பெண் குழந்தைகளைப் பரிசோதித்த விவரங்களை வெளியிட்டபோது, புத்தகத்தில் எழுதியிருந்த வயதைவிட முன்னதாகவே மார்பு வளர்ச்சி தொடங்குவதைப் பார்த்து மருத்துவர்களே அதிர்ந்தார்கள். கொரோனா ஊரடங்கில் இப்படி வந்த குழந்தைகள் அதிகம் என்று இத்தாலியில் தொடங்கி நம் புனே வரை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். உடல் எடை கூடுவது ஒரு காரணம். மரபு இன்னொன்று. பல பெண் குழந்தைகளுக்கு எந்தக் காரணமும் கிடைக்காது.

'பிராய்லர் கோழிதான் காரணம்' என்று கமென்ட் போடத் தயாராக இருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் முதல் தீர்ப்பு. கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தக் கோழி சீக்கிரம் வளர்வது அதன் இனத்தாலும் தீவனத்தாலும். தவிர, நான் ஒன்பது வயது வரை பிராய்லர் கோழியைத் திருவிழாவுக்குத்தான் பார்த்திருக்கிறேன்.

சரி, பாப்பாவுக்கு வருகிறேன்.

அக்காவிடம், "யார்கிட்டயும் சொல்லாத, ஆனா தள்ளிப் போடாத" என்றேன். மறுவாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன். கலசப்பாக்கத்திலிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கத்திரி வெயில். பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ஜவ்வாது மலையைப் பார்த்து, "சித்தி, அங்க ஏறி நின்னா நம்ம வீடு தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அக்கா வாயே திறக்கவில்லை.

குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவர் ஒரு பெண். பாப்பாவிடம் முதலில் பேசினார். அவள் உடம்பைத் தொடுவதற்கு முன், "பார்க்கட்டுமா?" என்று அவளிடமே கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. உயரம் 128 சென்டிமீட்டர். வரைபடத்தில் அவள் வயதுப் பிள்ளைகளைவிட மேலே. அக்கா முகத்தில் ஒரு நொடி பெருமை வந்து போனதைப் பார்த்தேன். எனக்கு பிரேயர் வரிசையின் கடைசி இடம் ஞாபகம் வந்தது.

இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். கையெலும்பைப் பார்த்து, எலும்புக்கு என்ன வயது என்று சொல்லிவிடலாம். அதற்கென்று ஓர் அட்லஸ் புத்தகம் இருக்கிறது, 1950-ல் முதலில் வந்தது. கிளீவ்லாண்ட் நகரத்துக் குழந்தைகளை 1930-களில் தொடங்கி எடுத்த எக்ஸ்ரே படங்கள். டாக்டர் பாப்பாவின் படத்தை அதிலிருந்த படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் கொண்டே போனார். எட்டு வயதுப் பக்கத்தைத் தாண்டினார். ஒன்பதைத் தாண்டினார். பத்தில் நிறுத்தினார். ஏழே முக்கால் வயதுக் குழந்தைக்குப் பத்து வயது எலும்பு.

ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன். பிறகு ஒருநாள் காலையில் வரச்சொல்லி, ஊசி போட்டு, நேரம் விட்டு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மார்பு வளர்ச்சி மட்டும் தனியாக வந்து அப்படியே நின்றுவிடுகிற குழந்தைகளும் உண்டாம், அவர்களுக்கு மருந்தே தேவையில்லையாம். அதைப் பிரித்தறியத்தான் இத்தனையும். பாப்பாவுக்கு அப்படி இல்லை. மூளை நிஜமாகவே மணி அடித்துவிட்டது. "ஆறு வயசுக்குள்ள வந்திருந்தாலோ, தலைவலி, பார்வை மங்குறது மாதிரி ஏதாவது இருந்தாலோ உடனே எம்.ஆர்.ஐ எடுப்போம். இவளுக்கு இப்ப அவசரமில்லை" என்றார் டாக்டர். இப்படியே விட்டால் ஒன்றரை வருடத்துக்குள் மாதவிடாய் வரலாம், உயரம் 148-க்குப் பக்கத்தில் நிற்கலாம் என்றும் சொன்னார். அக்காவும் மாமாவும் உயரமானவர்கள். கணக்குப்படி பாப்பா 156 வர வேண்டும்.

மருந்து இருக்கிறது. மூளை அடிக்கிற மணியை அதே மணியை விடாமல் அடித்தே அடக்குகிற மருந்து. அந்த ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரந்தால்தான் வேலை செய்யும், தொடர்ந்து இருந்தால் பிட்யூட்டரி சுரப்பி காதை மூடிக்கொள்ளும். மாதம் ஒரு ஊசி அல்லது 12 வாரத்துக்கு ஒரு ஊசி. நிறுத்தினால் பருவம் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால், டாக்டர் ஆசை காட்டவில்லை. "ஆறு வயசுக்கு முன்னாடி ஆரம்பிக்கிறவங்களுக்குத்தான் உயரத்துல நல்ல பலன். எட்டு வயசுக்கு மேல பெரிசா இருக்காது. இவ நடுவுல இருக்கா. நாலு சென்டிமீட்டர் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனா, மூணாவது படிக்கிற குழந்தைக்கு பீரியட்ஸ் வராம இருக்கும். எது முக்கியம்னு நீங்க யோசிங்க" என்றார்.

ஊசி விலை ஒன்றுக்குப் பல ஆயிரம். மாமா டிராக்டர் ஓட்டுகிறார். வீட்டில் பெரிய பஞ்சாயத்து நடந்தது. அக்காவின் மாமியார், "கடவுள் குடுக்கறத ஊசி போட்டு நிறுத்துவாங்களா? நாளைக்கு புள்ள பொறக்கலைன்னா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நானும் டாக்டரிடம் கேட்டிருந்தேன். இந்த மருந்து பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது, நிறுத்திய பிறகு மாதவிடாய் இயல்பாக வருகிறது, அவர்களில் பலர் குழந்தை பெற்றிருக்கிறார்கள் என்றார். அதைச் சொன்னேன். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உனக்கு அப்ப இந்த ஊசி இருக்குதுன்னு யாராவது சொல்லியிருந்தா, போட்டுக்குவியா பாப்பா?" என்னை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

நான் உயரத்தைப் பற்றிப் பேசத்தான் வாயெடுத்தேன். ஆனால் வந்தது வேறு. "போட்டிருந்தா ஆத்துல குளிச்சிருப்பேன் மாமா" என்றேன். அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றிரவு வெகுநேரம் கழித்து வந்து என் பக்கத்தில் படுத்தவள், "எங்களுக்குத் தெரியலடி" என்றாள். தெரிந்திருந்தால் மட்டும் அன்றைக்கு வேலூர் பஸ்ஸுக்கும் ஊசிக்கும் பணம் இருந்திருக்குமா என்று நான் கேட்கவில்லை. மண்டபத்துக்கு இருந்ததே என்றும் கேட்கவில்லை.

ஜூன் மாதம் முதல் ஊசி போட்டார்கள். இதுவரை நான்கு ஆகிவிட்டது. மார்பு வளர்ச்சி நின்று, கொஞ்சம் சுருங்கியும் இருக்கிறது. எடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். சாயந்திரம் செல்போனுக்குப் பதிலாகத் தெருவில் ஆட்டம். பிஸ்கட், ஜூஸ் பாக்கெட் எல்லாம் வீட்டுக்கு வருவதில்லை. மாமியார் சாமைச் சோறு வடிக்கிறார், ஊசியைத் திட்டிக்கொண்டே. பதினொரு வயது நெருங்கும்போது நிறுத்துவார்கள், அதிலிருந்து ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் மாதவிடாய் வரும் என்று கணக்கு. அதற்குள் பாப்பாவுக்கு எல்லாவற்றையும் நானே சொல்லிக் கொடுத்துவிடுவேன். பாதி சொல்லியாகிவிட்டது. "ரத்தம் வந்தா செத்துப் போவ மாட்டோம், சரியா?" என்றேன். "அது எனக்கே தெரியும் சித்தி" என்றாள்.

நடுவில் ஒரு நாள் அக்கா பதறிப்போய் போன் செய்தாள். நிலைப்படியில் பென்சிலால் கோடு போட்டு வருகிறாள். "ஆறு மாசமா ரெண்டு சென்டிமீட்டர்தான் ஏறியிருக்குடி. ஊசி வளர்ச்சியையே நிறுத்திடுச்சா?" டாக்டரிடம் கேட்டுச் சொன்னேன். அதுதான் சரியாம். ஓடிக்கொண்டிருந்த குழந்தை இப்போது தன் வயதுக்கு நடக்கிறாள். எலும்பும் நடக்க வேண்டும், அதுதான் முக்கியம். கையை மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். பத்து வயது எலும்பு, பத்தேகால் ஆகியிருக்கிறது. அவ்வளவுதான்.

கடைசியில் 150 வருவாளா, 155 வருவாளா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. மூன்றாம் வகுப்பு முடிகிற நேரத்தில் பிரேயர் வரிசையில் அவளைத் தாண்டி ஒருத்தி வளர்ந்துவிட்டாளாம். "நான் இப்ப கடைசி இல்ல சித்தி, கடைசிக்கு முன்னாடி" என்று வருத்தமாகச் சொன்னாள். மே இருபதுக்கு மேல் ஐந்தாவது ஊசி. பஸ்ஸில் ஜன்னலோர சீட் எனக்குத்தான் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள். ஆசிரியரிடம் இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையை முடித்துக் கொடுத்தால் தருகிறேன் என்றிருக்கிறார்.